ஏழு தோல்வியும் ஒரு கையெழுத்தும்

உண்மையை எழுதியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். உலகம் இரண்டாகப் பிளந்தாலும் சரி, என் வீடு இரண்டாகப் பிளந்தாலும் சரி. உண்மை என்று நான் சொல்வது எனக்குச் சாதகமான உண்மையை. மற்ற உண்மைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். நான் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அது பிழைப்பு. அதே தொழிற்சாலையின் ஹாக்கி அணிக்கு இரண்டு வருஷமாகக் கோச். அது பெருமை. பிழைப்புக்கு ஒரு சாவிக்கொத்து கொடுத்திருக்கிறார்கள். பெருமைக்கு ஒரு தொப்பி. தொப்பியோடு கேட்டைத் தாண்டினால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். சாவிக்கொத்தோடு போனால் நீட்டிய காலைக்கூட மடக்க மாட்டார். அந்தத் தொப்பியை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு யாரும் எனக்காக எங்கேயும் எழுந்து நிற்பதில்லை.

இந்த சீசனில் ஏழு ஆட்டம் ஆடினோம். ஏழும் தோல்வி. வாங்கிய கோல் முப்பத்தொன்று. போட்டது இரண்டு. அதில் ஒன்று, எதிரணி கோல்கீப்பர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது போட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசமாட்டார்.

"தப்பு கோச்சிங்லயா, ஆளுங்க மேலயா?"

"சார், அது வந்து..."

"கோச்சை மாத்தணுமா, டீமை மாத்தணுமா? பத்து நாள்ல எழுதிக் குடுங்க."

திருடனையே விசாரணை அதிகாரியாக்கிவிட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பதினோரு பேர், பதினோரு குற்றப்பத்திரிகை. சென்டர் ஃபார்வர்ட், வெல்டர்: பந்து வரும்போது கொட்டாவி விடுகிறார். ரைட் விங், எலக்ட்ரீஷியன்: ஓடச் சொன்னால் நடக்கிறார், நடக்கச் சொன்னால் உட்காருகிறார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லெஃப்ட் பேக்: வண்டியில் முன்னால் போவதைவிட மைதானத்தில் பின்னால் போவதே அதிகம். எழுத எழுத எனக்கே என் மேல் மரியாதை வந்தது. இப்பேர்ப்பட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டு ஏழு ஆட்டம் தாக்குப்பிடித்தவன் சாதாரண ஆளா?

என் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதினெட்டு நர்ஸுகளுக்கு வாராவாரம் ட்யூட்டி லிஸ்ட் போடுகிறவள். எந்தக் காகிதம் மேஜையில் கிடந்தாலும் அது நோயாளியின் சார்ட் என்று நினைத்து எடுத்துப் படித்துவிடுவாள். படித்தாள்.

"கோல் கீப்பர், பாய்லர் பிரிவு: நின்றுகொண்டே தூங்குகிறார். உடனடியாக நீக்க வேண்டும்." நிமிர்ந்தாள். "ஏங்க, இது எந்தம்பில்ல?"

"மைதானத்துல தம்பி, தங்கச்சி எல்லாம் கிடையாது. கோல் கீப்பர். அவ்வளவுதான்."

"முப்பத்தியொரு கோலும் அவனாலயா?"

"அவன் காலுக்கு நடுவுலதான் போச்சு. வேற யாரைச் சொல்ல?"

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்."

"ஆடுறது அவங்க. கோணல்னு சொல்றது மட்டும்தான் என் வேலை."

"அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டு வருஷமா என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாம் சொல்லிக் குடுத்தேன். டிரிபிளிங், புஷ், பெனால்டி கார்னர். போர்டுல படம் போட்டே காட்டினேன். தூங்குற ஆளுக்கு எந்தப் படத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்?"

"ஏன் தூங்குறாங்க?"

"சோம்பேறிங்க."

அவள் எதிரே உட்கார்ந்தாள். அவள் நின்றுகொண்டு பேசினால் திட்டு. உட்கார்ந்து பேசினால் விசாரணை.

"வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட்ல இந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேரு?"

"ஆறு. சில வாரம் ஏழு."

"ஷிஃப்ட் எப்ப முடியும்?"

"காலையில ஆறு மணிக்கு."

"சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"அதாவது ராத்திரி முழுக்க பாய்லர் முன்னாடி நின்னவன், முகத்தைக் கழுவிட்டு நேரா கோல் முன்னாடி வந்து நிக்கிறான். அப்புறம் அவன் தூங்குறான்னு நீங்க எழுதுறீங்க. என் வார்டுல நைட் முடிச்ச பொண்ணைக் காலையில ஊசி போடச் சொன்னா, அவ நோயாளிக்குப் போடுவாளா, தலையணைக்குப் போடுவாளா?"

பேனா மூடியைத் தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

"முன்னாடியெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குத்தானே ஆடுவாங்க? காலைக்கு மாத்தினது யாரு?"

"வெயில்" என்றேன்.

"வெயிலா மாத்துச்சு?"

"வெயிலுக்காக நான் மாத்தினேன். ஆட்டக்காரங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரு அக்கறைதான்."

இந்த இடத்தில் உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை என்றால் சுத்தம் செய்யும் நேரம். ஃபேன் துடைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, அலமாரியை நகர்த்தி அதன் அடியில் பெருக்கி, மறுபடியும் நகர்த்தி, "அங்கயே இருந்திருக்கலாம்" என்று அவள் சொன்னதும் திரும்ப நகர்த்துவது. கல்யாணமான நாள் முதல் இதுதான். கோச் பதவி வந்த அன்றைக்கு முதல் வேலையாக ஆட்ட நேரத்தைக் காலை ஏழுக்கு மாற்றினேன். எங்கள் லீக்கில் சொந்த மைதானத்து அணி நேரத்தைக் குறிக்கும். வெளி மைதானத்து ஆட்டங்களுக்கும் கெஞ்சிக் கூத்தாடி ஏழுக்கே வாங்கினேன். தொப்பியை மாட்டிக்கொண்டு ஆறரைக்குக் கிளம்பினால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வீடு. இரண்டு வருஷமாக ஃபேன் என்பது கீழே இருந்து பார்க்கும் பொருளாக மட்டுமே எனக்கு இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு எப்போதும் மறுநாள்தான் ஞாபகம் வரும்.

"சரி. வர்ற சனிக்கிழமை யாரோட?"

"பஸ் டெப்போ. நம்ம மைதானத்துலதான். லீக்லயே முதல் இடம்."

"ஒரு பந்தயம். ஆளை மாத்த வேணாம். அதே பதினோரு பேரு, அதே கோச். மேட்ச்சை மட்டும் நாலு மணிக்கு வைங்க. ஜெயிச்சா தப்பு கோச் மேல. தோத்தா ஆளுங்க மேல. எந்தம்பி பேரை நானே அடிச்சுத் தரேன்."

மனசுக்குள் ஒரு குதி குதித்தேன். பஸ் டெப்போவை எங்கள் ஆட்கள் ஜெயிப்பதா? நாலு மணிக்கு வைத்தாலும் நாலு நாள் தூங்க வைத்தாலும் நடக்காது. ஒரே ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். போகட்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் விடுதலை.

"சம்மதம்" என்றேன்.

"வாயால சொன்னா பத்தாது. எங்க ஆஸ்பத்திரியில கையெழுத்து இல்லாம ஒரு பல்லைக்கூடப் பிடுங்க மாட்டாங்க."

உள்ளே போய் ஒரு காகிதத்தில் மளமளவென்று எழுதி எடுத்து வந்தாள். முதல் இரண்டு வரியைப் பார்த்தேன். ஜெயித்தால் கோச், தோற்றால் ஆட்கள். சரியாக இருந்தது. கீழே இன்னும் கொஞ்சம் பொடி எழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் எவன் கடைசி வரை படித்திருக்கிறான்? போட்டேன். என் தலையெழுத்தை என் கையெழுத்தால் நானே எழுதிக்கொண்டது அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவள் என்னை ஒரு வேலையும் ஏவவில்லை. "இன்னைக்கு உங்களுக்கு மேட்ச். படுத்து ஓய்வெடுங்க" என்றாள். நானும் வெட்கமில்லாமல் படுத்தேன். கூடத்தில் அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"வெல்டர் வீடுங்களா? அவர் வந்துட்டாரா? ரொட்டியும் பாலும் குடுத்துப் படுக்க வைங்க. ஜன்னலைச் சாத்துங்க. போனைப் பிடுங்கி வச்சிருங்க. மூணு மணிக்கு முன்னாடி வீட்டுக்குத் தீப்பிடிச்சாலும் எழுப்பாதீங்க."

ஆறு வீட்டுக்கும் ஆறு போன். ஆறு மனைவிமார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது வந்தது, அதற்கப்புறம் இன்றுவரை வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு மைதானத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். இதுவே முதல் தடவை. என் மச்சினன் காலில் பேடைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து, "வணக்கம் மாமா" என்றான். அவன் கண் திறந்திருந்தது. ஏழு ஆட்டத்தில் அந்தக் கண்ணை நான் பார்த்ததே இல்லை.

"என்னடா, தூக்கம் வரலையா?" என்று ஆசையோடு கேட்டேன்.

"அக்கா ஆறரை மணி நேரம் தூங்க வச்சுட்டா மாமா. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு."

பஞ்சாவது, நெருப்பாவது! பஸ் டெப்போக்காரர்கள் முதல் பத்து நிமிஷத்தில் நாலு தடவை அடித்தார்கள். நாலையும் காலால் தட்டிவிட்டான். எலக்ட்ரீஷியன் ஓடினான். யாரும் சொல்லாமலே ஓடினான்! போர்டில் நான் இரண்டு வருஷமாகப் போட்டுக் காட்டிய பெனால்டி கார்னர் படம் முதல் தடவையாக மைதானத்தில் நடந்தது. வெல்டர் வாங்கி, நிறுத்தி, கொட்டாவி விடாமல் அடித்தான். கோல்!

நான் தொப்பியைத் தூக்கி வீசிக் குதித்தேன். குதித்துக் கீழே வந்து சேர்வதற்குள் புரிந்துவிட்டது, நான் குதித்தது என் குழிக்குள்தான் என்று. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லிக் கொடுத்த கோல். இரண்டாவது கோல் விழுந்தபோதும் கலங்கியது. அது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம். பஸ் டெப்போ கோச் வந்து என் கையைக் குலுக்கினார்.

"அருமையான டீம் சார். இவங்களை வச்சுக்கிட்டா ஏழு மேட்ச் தோத்தீங்க? எப்படி சார் முடிஞ்சுது உங்களால?"

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். குற்றப்பத்திரிகைகளைக் கிழித்துப்போட்டு, "தப்பு யார் மேலும் இல்லை, காலத்தின் மேல்" என்று ஒரு புது அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கவே இல்லை. மேஜைமேல் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது.

"உங்க மச்சினன் கொண்டு வந்து குடுத்தான். கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான் சார். ஆனா..."

"'ஜெயித்தால் தப்பு கோச் மேல்.' ஜெயிச்சாச்சு."

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வாட்ச்மேனின் நீட்டிய கால் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அட, எடுத்து மாட்டுங்க. கீழ படிக்கலையா நீங்க? 'தப்பு கோச் மேல் என்றாலும் கோச்சை மாற்ற வேண்டாம். சொல்லிக் கொடுத்ததில் குறை இல்லை, கேட்டவர்கள் விழித்திருக்கவில்லை. இனி எந்த ஆட்டமும் நாலு மணிக்கு முன்னால் கிடையாது. நேரம் குறிக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவரின் மனைவியுடையது.' இதைவிடத் தெளிவா இந்தத் தொழிற்சாலையில யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல. நாலு மணியே இருக்கட்டும்."

தப்பித்தேன்! தொப்பி தப்பித்தது! வாட்ச்மேன் எழுந்து நின்றார். வழியெல்லாம் அவளை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். புருஷனையும் காப்பாற்றித் தம்பியையும் காப்பாற்றிய உத்தமி! இவளைப்போய் என்னவெல்லாம் நினைத்தோம்!

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணி. ஈரத் துணியை என் கையில் கொடுத்து, ஏணியைச் சுவரிலிருந்து நடுக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"மேட்ச் சாயங்காலம்தானே? ஏறுங்க."

"இன்னைக்கு ஒரு முக்கியமான பயிற்சி..."

"எல்லாரும் தூங்குவாங்க. யாருக்குப் பயிற்சி? ரெண்டு வருஷமா வெயிலு, அக்கறைன்னு ஃபேன் பக்கமே தலைவச்சுப் படுக்கல நீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

ஏறினேன். இரண்டு வருஷத்துத் தூசி. மூக்கு, கண், வாய் எல்லாம் நிறைந்தது. முக்கால் மணி நேரம் துடைத்து இறங்கினேன். அவள் சுவிட்சைப் போட்டாள். மிச்சத் தூசி நிதானமாகச் சுற்றி வந்து என் தலையில் இறங்கியது.

"என்னங்க இது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைக் கேட்டா? சரியாச் சொல்லிக் குடுத்திருக்கணும். உன் கோச்சிங் சரியில்ல!"

அவள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். குனிந்து என்னைப் பார்த்தாள்.

"இருபத்தோரு வருஷமா நானும் சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோச்சிங்ல குறையே இல்ல. ஆளுதான் சரியில்ல. போய் வாளித் தண்ணிய மாத்திட்டு வாங்க."