எண்ணூற்று அறுபது பேருக்குச் சாப்பாடு

மூன்று வாரம் இணையத்தில் ஆப் வடிவமைப்புப் பாடம் படித்தவருக்கு வரும் தன்னம்பிக்கை, முப்பது வருடம் அதே தொழிலில் இருப்பவருக்கு வராது. எனக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் என் அண்ணனின் கல்யாண விருந்தில் இறக்கி வைத்தேன்.

அப்பா கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் விசேஷம் என்றால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வீடு வீடாக ஃபோன் போட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று எழுதிக்கொள்வார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே பயம்தான். சாப்பாடு பத்தாமல் போகக் கூடாது, மிஞ்சி வீணாகவும் கூடாது. (எண்ணிப் பார்த்தால் இரண்டு பயம்.) நான் அந்த நோட்டை மூடினேன்.

"இதெல்லாம் பழைய காலம்ப்பா. நான் ஒரு ஆப் செஞ்சு தரேன். அவங்கவங்களே தட்டிடுவாங்க."

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காப்பிக் கடையில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து திரையை வடிவமைத்தேன். மேலே மணமக்கள் படம். அதன் கீழே ஒரே வரிசையில் 'எத்தனை பேர் வருகிறீர்கள்?' என்ற கேள்வி, கூட்டல் பட்டன், எண், கடைசியில் கழித்தல் பட்டன். அந்தப் பட்டன்களுக்கு மஞ்சளா, சந்தன நிறமா என்று யோசிப்பதிலேயே ஒரு சனிக்கிழமை போனது. என் கைப்பேசியில் எல்லாம் அம்சமாக இருந்தது. இன்னொருவர் கைப்பேசியிலும் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

எண்கள் வந்து குவிந்தன. சுங்கை பூலோ பெரியப்பா, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், முப்பத்தேழு பேர் என்று அனுப்பியிருந்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "பெரியப்பா வீட்ல நாலு பேருதானம்மா?"

"சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வருவாங்கப்பா."

"அவங்களுக்குச் சொந்தக்காரங்க நாமதானே."

"டேட்டா பொய் சொல்லாதுப்பா," என்றேன். (எங்கோ படித்தது. எழுதியவர் என் ஆப்பைப் பார்த்ததில்லை.)

அப்பாவின் கணக்கு நானூறு. ஆப் சொன்னது எண்ணூற்று அறுபது. மகள் படித்தவள் என்று நம்பி, சமையல்காரரிடம் எண்ணூற்று அறுபதையே சொன்னார்.

விருந்து நடந்த மாலையில் மண்டபத்தின் முன்பாதி கலகலவென்று இருந்தது. பின்பாதியில் வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள் மட்டும் இருந்தன. சமையல்காரர் எட்டிப் பார்த்து அப்பாவிடம் கேட்டார்.

"பாஸ், மத்தவங்க பஸ்ல வராங்களா?"

பெரியப்பா வீட்டிலிருந்து அவரையும் சேர்த்து நான்கே பேர் வந்தார்கள். நான் நேரே போய், போலீஸ்காரி தோரணையில், "மிச்சம் முப்பத்து மூணு பேர் எங்க பெரியப்பா?" என்றேன்.

அவர் கைப்பேசியை நீட்டினார். எதிர்வீட்டுக்காரர் படிக்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். கேள்வியே முக்கால் திரையை அடைத்திருந்தது. பிறகு கூட்டல், எண். கழித்தல் பட்டன் திரைக்கு வெளியே போயிருந்தது.

"கை தவறி அஞ்சு ஆயிடுச்சும்மா. குறைக்க வழியில்ல. கடிகாரத்துல நேரம் வைக்கிற மாதிரி சுத்தித் திரும்ப ஒண்ணுக்கு வந்துடும்னு தட்டிக்கிட்டே இருந்தேன் லா. வரல. விரல் வலிச்சுது, அனுப்பிட்டேன்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே பெரியப்பா?"

"பண்ணினேனே. எம்பொண்ணு ஆப்லதான் சொல்லணும்னு சொல்லியிருக்கா, எங்கிட்ட சொல்லாதீங்கன்னு உங்க அப்பா ஃபோனை வெச்சுட்டாரு."

அறுபது வயதைத் தாண்டிய உறவினர் எல்லோருமே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். எல்லோருமே சுற்றி வரும் என்று தட்டியிருந்தார்கள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. காலி மேசைகளை ஒருமுறை பார்த்தார். "சரி, மிஞ்சினதைப் புங்குஸ் பண்ணு," என்றார்.

பட்டுச் சேலையோடு வாசலில் நின்று ஆளுக்கு மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை எங்கள் கடைக்கு டயர் மாற்ற வந்தவர்களுக்கும் பிரியாணி கிடைத்தது.

இப்போது பங்சாரில் ஓர் அலுவலகத்தில் இதே வேலைதான் செய்கிறேன். எந்தத் திரையை வடிவமைத்தாலும் முதலில் எழுத்தை ஆகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பொறுப்பான பெண் என்று அங்கே பெயர். வீட்டில் அந்தப் பெயர் இன்னும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்து நான் "போதும்பா" என்று தட்டை மறைத்தால், அப்பா இன்னொரு கரண்டி சோற்றை அள்ளிப் போடுவார்.

"குறைக்கிற பட்டன் இல்லையேம்மா."