தங்கவேலு வளர்ந்த கதை

நாட்டின் தொழில் முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்பவை சின்னச் சின்ன வாக்கியங்களே என்று 1964-ஆம் வருஷம் ஓர் அரசு இலாகா கண்டுபிடித்தது. உடனே கோயமுத்தூரில் 'தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சி' ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு பனியன் கம்பெனியும் எழுதத் தெரிந்த ஒருவரை அனுப்பி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. திருப்பூரில் ரத்தினசாமி முதலாளியின் கம்பெனியில் எழுதத் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை தங்கவேலு ஒருவர்தான்.

தங்கவேலு அதுவரை படைத்த இலக்கியம் ஒன்றே ஒன்று. கழிவுத் துணி குவித்து வைக்கும் அறைச் சுவரில் கரியால் எழுதியது: "தீப்பிடிச்சா மணல் கொட்டு." அதற்குக் கீழேயே ஒரு மணல் வாளி இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட வாளியைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். இது எவ்வளவு பின்தங்கிய நிலை என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

"போயிட்டு வா தங்கவேலு," என்றார் முதலாளி. "நீ வளந்துட்டீன்னு அந்த இலாகா ஆபீசரு எழுதிக் குடுத்துட்டார்னா, உனக்குக் கைப்பிடி வெச்ச நாற்காலி போடறேன்."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முக்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்த மனிதர் தங்கவேலு. கைப்பிடி என்ற சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

பயிற்சி முடிந்து திரும்பியவர் முதல் வேலையாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அந்த இடத்தில் ஆளுயரப் பலகை ஒன்று ஏறியது. நோக்கம், எல்லை, சொல்விளக்கம், பொறுப்புகள் என்று வரிசையாகத் தலைப்புகள். "தீ எனப்படுவது, இவ்விடத்தில் அனுமதியின்றி எரியும் யாதொரு பொருளின் நிலையையும் குறிக்கும்" என்று சொல்விளக்கம் தொடங்கியது. மணல், பலகையின் அடியில், பிற்சேர்க்கையில் வந்தது.

கழிவுத் துணி பிரிக்கும் பொன்னாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்ண்ணா, இதுல என்னங்க எழுதீருக்குது?"

"தீப்பிடிச்சா என்ன செய்யோணும்னு எழுதீருக்குது."

"என்னங்க செய்யோணும்?"

"அதத்தான் பலகையில எழுதீருக்குதே!"

பொன்னாத்தாள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புரியாத எழுத்து என்றால் நம் ஊரில் அது சர்க்காருடையதாக இருக்கும், இல்லாவிட்டால் சாமியுடையதாக இருக்கும். எதற்கும் கும்பிட்டு வைத்துவிடுவது நல்லது.

'எழுத்தாளனாக என் வளர்ச்சி' என்று தங்கவேலு ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதை நானே நேரில் வந்து பரிசீலிப்பேன் என்று இலாகாவின் உதவி இயக்குநர் ஞானசம்பந்தம் தெரிவித்தார். அவர் வந்த நாள் ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, பொன்னாத்தாள் பலகைக்கும் பட்டை போட்டு மாலை சாத்தியிருந்தாள். கற்பூரத் தட்டு வைக்க இடைஞ்சலாக இருந்த மணல் வாளி மூலைக்குப் போயிருந்தது.

அதிகாரி கட்டுரையை வாய்விட்டுப் படித்தார். "'முன்பு மூன்று சொற்களில் எழுதினேன். இன்று அதையே முந்நூறு சொற்களில் எழுதுகிறேன்.' பிரமாதம்! வளர்ச்சி என்றால் இதுவல்லவா வளர்ச்சி!" என்று பேனாவைத் திறந்தார். தங்கவேலுவுக்கு அப்போதே முழங்கை இரண்டும் கைப்பிடியில் சாய்ந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்துக் கற்பூரத் தட்டு கவிழ்ந்து, கழிவுத் துணி பற்றிக்கொண்டது.

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பொன்னாத்தாள் கும்பிட்டாள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"இது அனுமதியோடு எரிகிறதா, அனுமதி இல்லாமல் எரிகிறதா?"

"கற்பூரம் நாஞ்சொல்லித்தானுங்க ஏத்துனது," என்றார் முதலாளி.

"அப்படியானால் இது இந்தப் பலகையின் எல்லைக்குள் வராதே!"

தங்கவேலு வாளியைப் பார்த்தார். நாற்காலியை நினைத்தார். மறுபடியும் வாளியைப் பார்த்தார். நெருப்பு பொன்னாத்தாளின் முந்தானைக்குப் பக்கத்தில் வந்தபோது, படித்ததெல்லாம் பறந்துபோய் அவர் கத்தினார்.

"மணலை அள்ளிக் கொட்டுங்க!"

கொட்டினார்கள். அணைந்தது.

அதிகாரி முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு குறிப்பு எழுதினார்: "நெருக்கடி நேரத்தில் இவர் பழைய நடைக்கே திரும்பிவிட்டார். வளர்ச்சி இல்லை. மறுபயிற்சி அவசியம்."

"தீ அணைஞ்சு போச்சுங்களே?" என்றார் தங்கவேலு.

"அணைந்தது. முறைப்படி அணையவில்லை."

பலகையின் அடிப்பாகம் கருகி, பிற்சேர்க்கை மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. "நெருப்புல வேகாத பலகைங்க! இதுதானுங்க நம்மளக் காப்பாத்துச்சு," என்றாள் பொன்னாத்தாள். முதலாளிக்கும் அப்படித்தான் பட்டது. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் பலகைக்குக் கற்பூரம் காட்டினார்கள்.

தங்கவேலு மறுபயிற்சிக்குப் போய்வந்தார். இந்தத் தடவை நிஜமாகவே வளர்ந்துவிட்டார். சர்டிபிகேட் வந்தது, நாற்காலியும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதில் உட்கார்ந்து இலாகாவுக்கு இரண்டாவது கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். "முதல் பயிற்சிக்கு முன் சுருக்கமாக எழுதினேன். மறுபயிற்சிக்கு முன் கத்தினேன். இன்றோ..."

பக்கத்து அறையிலிருந்து துணி கருகும் வாசனை வந்தது.

"அண்ணா! என்னங்க செய்யறது?" என்று பொன்னாத்தாளின் குரல் கேட்டது.

தங்கவேலு கத்தவில்லை. முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே "நோக்கம்" என்று எழுதி, கோணாமல் அடிக்கோடு போட்டார்.