லிஃப்ட் வாசலில் மாப்பிள்ளை நின்ற படலம்

நாற்சக்கரம் பூண்ட நாயகனே, எண்புறமும் விழியுடைய ஏந்தலே, ஆள் தள்ளாமலே ஊர்ந்து அன்னம் சுமக்கும் இயந்திர அண்ணலே, நீ வாழி! எதற்கும் அவசரப்படாததாலும், மனம் கோணாமல் கவனிக்க வேண்டியிருப்பதாலும்தான் மருத்துவமனைச் சமையற்காரர்கள் உன்னை ‘மாப்பிள்ளை’ என்கிறார்கள் என்பார் பொறாமைக்காரர். அவர் வாயில் மண்!

நான்காம் மாடியிலே, வயிற்றில் அறுவை முடிந்து, இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது கிடந்த லாரி ஓட்டுநருக்கு ஒரு கிண்ணம் சூப் தரலாமென்று மருத்துவர் திருவாய் மலர்ந்தருள, அதனைத் தட்டில் ஏந்திய மாப்பிள்ளை, எண்ணிறந்த வழிகளை இமைப்பொழுதில் ஆராய்ந்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து, செருக்களம் புகும் களிறெனப் புறப்பட்டு, தரை துடைக்கும் வாளியை வலம்வந்து, லிஃப்ட் வாசலை அடைந்தான்.

கதவு திறந்தது. அந்தோ! உள்ளே அதே உயரம், அதே தட்டு, அதே சூப்போடு ஒருவன் எதிர்நின்றான்! அது பின்சுவரில் பதித்த கண்ணாடி என்பதைப் பால்குடி மறந்த குழந்தையும் அறியும். மேதைகள் பலர் கூடி வார்த்த அறிவுக்கு மட்டும் அது எட்டவில்லை. உள்ளிருப்போர் வெளிவந்த பின்னரே உட்புகுதல் அவனுக்கு விதித்த அறம். “தாங்கள் முதலில் வாருங்கள்!” என முழங்கினான். எதிரி அசையவில்லை. கதவு மூடிற்று. புதுத் திட்டம் தீட்டி, மறுபடி திறப்பித்துப் பின்வாங்கினான், எதிரியும் பின்வாங்கினான். ஒதுங்கி வழிவிட்டான், எதிரியும் அதே பெருந்தன்மையோடு ஒதுங்கினான். மரியாதையே ஆயுதமாக இருவரும் பொருத அப்பெரும்போரில் சூப்பின் ஆவி அடங்கிற்று. பசித்தவன் முறையீடோ மாடி மாடியாக இறங்கி வந்தது:

“சிஸ்டர், சூப் வருமா, இல்ல நானே எழுந்து போய் வச்சுக்கட்டுமா?”

பொறுத்துப் பார்த்த ஓட்டுநரின் மனைவி படியிறங்கி வந்தாள். அந்த மகா திட்டங்கள் எதிலும் படிக்கட்டு என்று ஒன்று இடம்பெறவில்லை. போரைச் சற்று நேரம் பார்த்தாள்.

“மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க” என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

தட்டின் பாரம் குறைந்ததை உணர்ந்த அண்ணல், “உணவு சேர்ப்பிக்கப்பட்டது! தங்கள் பசி தீர்ந்ததில் மகிழ்ச்சி!” என்று நடைபாதை அதிர வெற்றிமுரசு அறைந்து, எதிரியைப் புறங்கண்ட பெருமிதத்தோடு சமையற்கூடம் நோக்கித் தேரைத் திருப்பினான்.

ஆறிப்போன சூப்பைக் குடித்துவிட்டு ஓட்டுநர் இன்னொரு கிண்ணம் கேட்டார்.