தாய்மாமன் சீர்வரிசையில் ஒரு தூக்கப்பை

பிள்ளை பெறாதவர்களுக்குத்தான் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று துல்லியமாகத் தெரியும். பெற்றவர்களுக்கு அந்த அறிவு பிரசவ வார்டிலேயே கழன்று விழுந்துவிடுகிறது. எனக்குக் கல்யாணமாகாத காலத்தில், இந்தத் துறையில் ஜொகூர் மாநிலத்திலேயே என்னைவிட விஷயம் தெரிந்தவர் கிடையாது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். (மற்ற மாநிலங்களைப் பற்றி நான் பொறுப்பேற்க முடியாது.)

அப்போது எனக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாருவில் ஒரு வாடகை வீட்டில் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்வருவேன். கட்டுமான இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். உயரத்தில் ஏறுகிறவர்களுக்குப் பெல்ட், வார், கொக்கி எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து அனுப்புவது என் தொழில். நான் மாட்டிவிட்ட எந்த மனிதனும் இன்றுவரை கீழே விழுந்ததில்லை. ஒரு கைக்குழந்தைக்கு ஜிப்பை இழுத்துவிடுவதெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்ததில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் அக்கா வாணிக்கு யோங் பெங்கில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அக்காவுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். நானோ வெந்நீர் வைக்கத் தெரிந்தால் அதையே சமையல் என்று சொல்லிக்கொள்ளும் ரகம். ஆகவே மச்சானின் அக்கா பாலோவிலிருந்து வந்து, பத்தியச் சாப்பாடு முதல் பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் அவர் பாலோ அக்கா. பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவர். ஓய்வு மணி அடித்ததும் ஓடிவரும் மொத்தப் பள்ளியையும் ஒரே அதட்டலில் வரிசையாக நிறுத்திவிடும் குரல்.

அந்தக் குரலுக்கும் அடங்காமல் குழந்தை அழுதது. பால் குடித்துத் தூங்கிப்போகும். கொஞ்ச நேரத்தில் அதன் கைகள் தாமாகத் தூக்கிப் போடும். யாரோ அடிக்க வருகிறார்கள் என்று அதுவே பயந்து விழித்து, மறுபடி ஆரம்பித்துவிடும். போனில் அக்கா பேசும்போதெல்லாம் பின்னணியில் அந்த அழுகைதான்.

ஒருநாள், "தம்பி, துணி காயப் போடப் போனேன்டா. கொடியப் புடிச்சிக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா என்று அக்கா கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கே பிள்ளை வளர்ப்புக் காணொளிகளைப் பார்க்க உட்கார்ந்தேன்.

உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரு பையில் தூங்குகின்றன என்று தெரிந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஜிப் வைத்த துணிப்பை. உள்ளே கைகள் தூக்கிப் போடாதபடி இதமாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் ஒரு கடையில் சாம்பல் நிறத்தில், நட்சத்திரம் போட்டதாக ஒன்று வாங்கினேன். ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்து மூட வேண்டும், கீழிருந்து மேலே இழுத்துத் திறக்க வேண்டும். இடுப்புத் துணி மாற்ற வசதியாம். வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன அரிசிப் பையை அதற்குள் போட்டு மூடித் திறந்து பழகினேன். அறைத்தோழன் ஃபைசல் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெராஸ் டா திடோர் கா?" என்று கேட்டான். அரிசி தூங்கிவிட்டதா என்று மலாயில் விசாரிக்கிறானாம். தூங்கிவிட்டது என்று சொன்னேன். பொய்யில்லை, அரிசி ஒருமுறைகூட அழவில்லை.

பெயர் வைத்துத் தொட்டில் போடும் நாளும் வந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். பழம், வெற்றிலை, பட்டுப் பாவாடை, பொன் வளையல் என்று தட்டுகளை அடுக்கி, நடுத் தட்டில் தூக்கப்பையை விரித்து வைத்தேன். யோங் பெங் வீட்டு வாசலில் பந்தல், உள்ளே உறவுக்காரர்கள், அதற்கும் உள்ளே அழுகை. பாலோ அக்கா தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து நடுத் தட்டில் நின்றார்.

"என்னா தம்பி இது?"

"ஸ்லீப் பேக்குக்கா. பிள்ளை தூங்கறதுக்கு."

"ஏன், குனோங் லேடாங் மலை ஏறப் போறாளா?" பையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "அந்தாண்ட தங்காக்ல போனா ரோடு முழுக்கத் துணிக்கடை. பிள்ளையச் சுத்த ஒரு துண்டுத் துணி கெடைக்காதா? சிங்கப்பூர் போயி சாக்கு வாங்கியாந்திருக்க."

நான் விளக்க ஆரம்பித்தேன். கைகள் ஏன் தூக்கிப் போடுகின்றன, வயிற்றுக்குள் இருந்த ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சட்டச் சிக்கலை எழுப்பினார். பெயர் வைக்கிறவரை பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது. அன்று காலை குளிப்பாட்டி இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு கட்டியதோடு சரி, ஒரு பழைய இடுப்புத் துணி தவிர வேறு எதுவும் பிள்ளை மேல் இல்லை.

"அக்கா, இது துணியில்ல. பை" என்றேன்.

அவர் யோசித்தார். "பைன்னா போடலாம்" என்று தீர்ப்பு வந்தது.

அறைக்குள் அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மை தீட்டியும் கண்களின் வீக்கம் மறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள். நான் கையை நீட்டினேன்.

"குடுக்கா. நீ செத்த நேரம் படு."

"செய்வியாடா? பிள்ளைடா அது."

"நான் பெரிய பெரிய ஆளுங்களையே அந்தரத்துல தொங்க விடறவன்க்கா."

இந்தப் பதில் ஒரு தாய்க்கு ஆறுதல் தருமா என்று அப்போது யோசிக்கவில்லை. ஆனாலும் கொடுத்தாள். கொடுத்த கையோடு புடவை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் கட்டிலில் சாய்ந்தாள். "நேரம் வந்தா எழுப்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

பிள்ளையைப் பைக்குள் வைத்தேன். ஜிப்பை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அழுகை பாதியில் நின்றது. ஒரு கொட்டாவி, இரண்டு சப்புக்கொட்டல், அப்புறம் தூக்கம். தலை மட்டும் வெளியே நீட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் போல என் கையில் கிடந்தது. பிறந்த நாள் முதல் அந்த வீடு அறியாத ஓர் அமைதி.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பொட்டலத்தை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, வரிசை வரிசையாகப் போய்க் காட்டினேன். "கை உள்ள இப்படி இருக்கும், பாருங்க" என்று விளக்கினேன். "பிள்ளையப் புரிஞ்சிக்கணும், அவ்வளவுதான்" என்று ஒருமுறை சொன்னதாக இன்றும் சாட்சிகள் இருக்கிறார்கள். மூன்று பிள்ளை பெற்ற ஓர் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். (கிண்டல் என்று பின்னாளில் தெரிந்தது.)

"சரி தம்பி, நல்ல நேரம் முடியப் போவுது. பிள்ளைய வெளிய எடு. வளையல் போட்டு, பேரு சொல்லி, தொட்டில்ல போடலாம்" என்றார் பாலோ அக்கா.

கால் பக்கத்திலிருந்து ஜிப்பை மேலே இழுத்தேன். கால்கள் வெளியே வந்தன. இடுப்பருகே ஜிப் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நகரவில்லை. கீழே இழுத்தேன். அதற்கும் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். பிள்ளை வளர வளரத் தளர்த்திக்கொள்ள வசதியாகப் பாலோ அக்கா அரைஞாண் கயிற்றின் நுனியை நீளமாக விட்டிருந்தார். அந்த நுனியை ஜிப் முழுங்கி உட்கார்ந்திருந்தது. பையோடு வந்த விளக்கத் தாளை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். அதில் அரைஞாண் கயிறு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதை எழுதினவன் தமிழ்ப் பிள்ளை எதையும் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

பையைத் தலை வழியாகக் கழற்றலாமா என்றால் கயிறு இடுப்பைப் பிடித்து இழுத்தது. தேங்காய் எண்ணெய் விட்டோம். சோப்பு தேய்த்தோம். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து என் விரல்தான் வழுக்கியது. பிள்ளை இதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் தூங்கியது.

"கத்திரிக்கோல் எங்க?" என்றேன்.

கூடம் இரண்டாகப் பிரிந்தது. காலையில்தான் சாமி கும்பிட்டுக் கட்டிய கயிறு, அதைப் பெயர் வைக்கும் நாளில் வெட்டக் கூடாது என்றது ஒரு கட்சி. அப்படியானால் பையை வெட்டு என்றேன். அது தாய்மாமன் சீர், சீர்ப்பொருளில் கத்திரி வைத்தால் தாய்வீட்டுக்கு ஆகாது என்றது மறு கட்சி. தாய்வீடு என்பது நான்தான். எனக்கு ஆகாது என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

மச்சான் அமைதியான மனிதர். "போம்பாவுக்குப் போன் போடலாம் லா" என்றார் மெதுவாக. "மோதிரம் வெரல்ல மாட்டிக்கிட்டா அவங்கதான வந்து எடுக்கறாங்க."

தீயணைப்பு வண்டி சைரன் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைவதை எல்லாரும் ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தோம். "போம்பாவா? போம்பா வருதா?" என்று வாசல்வரை பேச்சு பரவியது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. தாய்வீட்டின் மானத்தைக் காப்பாற்ற வந்தவன், ஒரு ஜிப்பில் அதை மாட்டி வைத்துவிட்டேன். பெற்றவளே முடிவு சொல்லட்டும் என்று அக்காவை எழுப்பப் போனேன். பாலோ அக்காவும் பின்னாலேயே வந்தார். அக்கா வாய் திறந்து, பூவெல்லாம் தலையணையில் நசுங்க, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்படித்தான் தூங்குவாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுப்பக் கை வரவில்லை.

பாலோ அக்கா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். "யாரும் அவள எழுப்பக் கூடாது. தூங்கட்டும்" என்று கிசுகிசுத்தார். அவருக்குக் கிசுகிசுக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப பேரு?"

"பேரக் காதுலதான சொல்லணும்? காது வெளியதான இருக்கு."

"வளையல்?"

"கை இல்லாட்டி என்னா, கால் இருக்குல்ல."

அதன்பிறகு நடந்தது போன்ற ஒரு பெயர் சூட்டு விழாவை யோங் பெங் பார்த்திருக்காது. எல்லாரும் காலடிச் சத்தம்கூட வராமல் நடந்தார்கள். வளையல்கள் எல்லாம் காலில் ஏறின. தொட்டில் ஸ்பிரிங் கிரீச்சிடாமல் இருக்க மச்சான் அதைக் கையால் பிடித்துக்கொண்டார். பையோடும் கயிற்றோடும் பிள்ளையைத் தொட்டிலில் வைத்தேன். தாய்மாமன் என்ற முறையில் காதருகே குனிந்து, மூச்சுக்காற்றிலேயே மூன்று தடவை, "வெண்பா, வெண்பா, வெண்பா" என்றேன்.

வழக்கமாகப் பெயரை உரக்கச் சொல்லி எல்லாரையும் சொல்ல வைப்பார்கள். அன்று ரகசியம் போல முன்வரிசை நடுவரிசையின் காதில் சொல்லியது, நடுவரிசை பின்வரிசையின் காதில் சொல்லியது. பந்தலின் கடைசியில் இருந்த பெரியவரைப் பெயர் எட்டியபோது, அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"போம்பாவா? இந்தக் காலத்துப் பேரு. நம்ம என்னாத்தச் சொல்றது."

விருந்து முடிகிற நேரத்தில் அக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தாள், வளையல் போட்ட கால்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி, குனிந்து, இடுப்பருகே கயிற்றைப் பல்லால் நறுக்கென்று கடித்தாள். அடுத்த கணம் பை தனியாக, பிள்ளை தனியாக வந்துவிட்டது. கூடம் முழுக்கப் பாலோ அக்காவைப் பார்த்தது.

"அம்மா கடிச்சா அது வெட்டுனதுல சேராது" என்றார் அவர்.

வெண்பா இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். பிறப்புப் பத்திரத்தில் மட்டும்தான் அவள் வெண்பா. பந்தலின் பின்பாதியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் போம்பா. பிறந்தநாள் கேக்கில்கூட ஒருமுறை அப்படியே எழுதி வாங்கி வந்தார்கள். எனக்கு ஜிப் மாமா என்று பெயர். என் கல்யாணத்தில், தாலிக் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தபோது பின்னாலிருந்து யாரோ, "ஜிப்பு கிப்பு பக்கத்துல இருக்கான்னு பாரு" என்றார்கள். மணமேடையே சிரித்தது. அப்போதும் நான் நிதானம் இழக்காமல் கட்டினேன். கட்டியது இன்றுவரை அவிழவில்லை.

போன தீபாவளிக்கு என் மனைவி வீட்டார் வந்திருந்தபோது கதை மறுபடி எடுக்கப்பட்டது. மச்சான் போம்பா விஷயத்தைச் சொன்னார், பாலோ அக்கா என் விளக்கவுரையை அபிநயத்தோடு நடித்துக் காட்டினார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் அந்தக் கதையை எப்போதும் வேறு மாதிரிதான் சொல்வாள்.

"எனக்குன்னு இவன் ஒருத்தன் வந்தான். பிள்ளைய வாங்கிக்கிட்டான். நான் தூங்குனேன்" என்றாள். அவளைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான்.

நான் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஜிப்பு மாட்டிக்கிச்சு" என்றார் பாலோ அக்கா.