பஸ்ஸை மறித்த துடுப்பு

ஜவ்வாது மலைக்கு பஸ் வந்தபோது ஊரே கற்பூரம் காட்டி வரவேற்றது. அதை எதிர்த்துக் கையில் களித் துடுப்போடு போருக்குப் போன ஒரே வீரர் எங்கள் விடுதிச் சமையல்காரர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'துடுப்பு'.

ஐம்பதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூர் விடுதியில் சேர்ந்தவன் நான். சனிக்கிழமை ஊருக்கு நடை, ஞாயிறு திரும்பி நடை. எனக்குப் போகப் பன்னிரண்டு மைல், வரப் பன்னிரண்டு மைல். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, வீட்டுக்குப் போவது என்றுதான் சொன்னார்கள். ஞாயிறு மாலை ஆளுக்கு மூன்று உருண்டை கேழ்வரகுக் களி உள்ளே போகும். நாலாவது கேட்டவனைத் துடுப்பு மருமகனைப் போலக் கவனிப்பார்.

சில வருஷம் கழித்து பஸ் வந்தது. பதினைந்து வயதுத் தடியன்கள் நாங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து துரை மாதிரி வந்து இறங்கினோம். மைதானத்தில் பந்து தூரமாக உருண்டால், எடுத்துவர நீ போ, நீ போ என்று சண்டை. களி ஒன்றரை உருண்டையோடு நின்றுவிட்டது. மிச்சக் களியைத் தின்று தின்று தெரு நாய்களே வெறுத்துவிட்டன.

வார்டன் போளூர்க்காரர், கண்டிப்பானவர். கைப்பக்குவம் கெட்டுவிட்டது, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் கீழேயிருந்து வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார். வேலை போவதைவிடக் கைப்பக்குவத்தைச் சொன்னதுதான் துடுப்புக்குச் சுட்டது. களியை விழுங்கத்தான் வேண்டும், மெல்லக் கூடாது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு மென்றே பார்த்தார். களி நிரபராதி என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தார். ரோடே போடாத ஊரிலிருந்து நடந்தே வரும் பையன்கள் இரண்டு பேர் இன்னும் மூன்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு, ஜமுனாமரத்தூருக்கு நாலு மைல் இருக்கும்போது பஸ் நின்றது. நடுரோட்டில் துடுப்பை ஓங்கியபடி அவர். மாடு மறித்தால் அதன் வம்சத்தையே திட்டும் டிரைவர், பேசாமல் எஞ்சினை அணைத்தார்.

"ஆஸ்டல் பசங்க எல்லாம் எறங்குங்கடா."

"இன்னாத்துக்குண்ணா?" என்றேன் நான்.

"பசிக்கறதுக்குத்தான். எறங்கு."

பன்னிரண்டு மைலைப் பாடிக்கொண்டே நடந்தவன், இரண்டாவது மைலில் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. மூச்சே வாங்காமல் பின்னால் வந்தவர், துடுப்பால் என்னை நெம்பி எழுப்பினார். போய்ச் சேர்ந்த பிறகுதான் உலையே வைத்தார், படுபாவி. தட்டும் கையுமாக அடுப்பங்கரை வாசலில் தவம் கிடந்தோம். என் பங்குக்கு மட்டும் நாலு உருண்டை.

வார்டன் வந்து, வழித்து வைத்த பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு இதுல இன்னாப்பா போட்ட?"

"நாலு மைலு போட்டேங்க."

வார்டன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வேலையும் பிழைத்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் மறியல். அவரைத் திட்டாத வாரம் இல்லை, நடக்காத வாரமும் இல்லை. ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல், அடுப்படியைத் தாண்டி நாலு மைல் வர முடியவில்லை. அந்த இடம் வந்ததும் டிரைவர் திரும்பி, அண்ணனுக்குக் காய்ச்சல், இன்றைக்குத் தப்பித்தீர்கள் என்று கண்ணடித்தார். நான்தான் முதலில் எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். காய்ச்சலோடு அந்த மனிதர் கிண்டி வைத்திருக்கும் களியில் ஒரு உருண்டைகூட மிஞ்சக் கூடாது என்று தோன்றியது.