மாமா அனுப்பிய கோல்ஃப் பை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும் அத்தையும் தங்கள் முழங்காலும் நலமா? என் பிறந்தநாள் வாரத்தில் தாங்கள் அனுப்பிய கோல்ஃப் பைக்கு நன்றி சொல்லவே இக்கடிதம். மெசேஜே போட்டிருப்பேன், இவ்வளவு பெரிய பரிசுக்குக் கையால எழுதினாத்தான் மரியாதைன்னு தோணுச்சு.

மொத்த ஆட்டத்தையும் வீடியோ பாத்தே கத்துக்கிட்டேன் மாமா. முதல்ல ஒண்ணும் ஒத்து வரல, வீடியோக்காரர் மாதிரி நின்னா மட்டையோட முகம் பின்னாடி திரும்பியிருக்கு. அப்புறம்தான் உறைச்சது, நீங்க இடக்கைக்காரர், பையில இருக்கறதெல்லாம் இடக்கை மட்டை, நான் வலக்கை. அதனால என்ன, போனை பீரோ கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, கண்ணாடிக்குள்ள ஓடுற வீடியோவைப் பாத்துப் பழகிட்டேன். ஒரு பந்து அப்பாவோட காபியில விழுந்துச்சு, அவர் அதைத் துடைச்சுக் குடுத்துட்டு மிச்சத்தைக் குடிச்சார்.

அடிக்கிறதுகூட வந்துடுச்சு, அடக்கம்தான் வரல. அடுத்தவங்க அடிக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது, நம்ம நிழல்கூட அவங்க பந்து போற வழியில விழக் கூடாது. என் வாய் உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் ஜூனியர் குழுவுக்குத் தேர்வு, நாங்க மூணு பேர், இடம் ஒண்ணு. கிடைச்சா வருஷம் முழுக்க இலவசப் பயிற்சி, இல்லன்னா மறுபடி பீரோ கண்ணாடி. குறைஞ்ச அடியில முடிக்கறவங்களுக்குத்தான் இடம், கடைசிக் குழி வரைக்கும் நானும் தொப்பி போட்ட பையனும் சமம். புல்லுக்குள்ள பந்துக்குப் பின்னாடி மட்டையை வெச்சேன், பந்து லேசா உருண்டுடுச்சு. யாரும் பாக்கல. யாரும் பாக்கலன்னாலும் நாமளே சொல்லி ஒரு அடி கூட்டிக்கணும், அதான் மாமா இந்த ஆட்டத்தோட விதி. கையைத் தூக்கினேன்.

"சார், என் மட்டை பட்டு பந்து நகந்துடுச்சு. எனக்கு ஒண்ணு கூட்டிக்கோங்க."

கோச் கூட்டினார். அப்புறம் தொப்பி தரையைப் பாத்துக்கிட்டே, "சார், மூணாவது குழியில எனக்கும் ஒண்ணு" அப்படின்னான்.

"ஒண்ணுதானா?"

"ரெண்டு சார்."

அதைக் கேட்டு இன்னொருத்தி தொண்டையைச் செரும ஆரம்பிச்சா. கோச் அழிச்சு அழிச்சு எழுதினதுல ரப்பரே தேஞ்சுபோச்சு. கடைசியில இடம் எனக்கு.

எல்லாம் உங்க பையால வந்தது மாமா. அத்தைக்கு வணக்கம், முழங்காலுக்கு ஓய்வு.

என்றும் நன்றி மறவாத,
தங்கள் மருமகள்

பி.கு.: இதைப் படிச்சிட்டு அம்மா சோபாவுல உருண்டு சிரிக்கறாங்க. அது பரிசு இல்லையாம், வீடு மாறும்போது நீங்க பத்திரமா வைக்கச் சொல்லி அனுப்பி வெச்ச பையாம், இந்த வாரம் எடுக்க வர்றீங்களாம். சனிக்கிழமை பயிற்சி ஆரம்பம் மாமா, முழங்கால் சரியாகிற வரைக்கும் பை இங்கேயே இருக்கட்டுமே. அப்புறம், ஏழாம் நம்பர் மட்டையில ஒரு கீறல் இருக்கும். வரும்போதே இருந்ததுன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். நான் போட்டதுதான். எனக்கு ஒண்ணு கூட்டிக்கோங்க.