கொடைவேந்தரின் உயில்

வடக்கே மலையும் மற்ற மூன்று பக்கமும் அரசாணைகளும் சூழ்ந்த கோவரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே சாவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. செத்த பிறகுதான் எல்லாமே.

செக்கு ஆட்டிப் பிழைத்த பூவாத்தாளுக்கு அது கணவன் மாரப்பன் போன பிறகுதான் தெரிந்தது. வீட்டையும் செக்கையும் அவளுக்கே எழுதி வைத்திருந்தான், நல்ல மனிதன். அந்த உயிலை மடியில் கட்டிக்கொண்டு அமைச்சர் வித்தகனாரிடம் போனாள்.

"சாட்சிகளில் நீயும் உண்டா?" என்றார் அவர். "உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் பங்கில்லை. நம் நாட்டின் ஆதிச் சட்டம்."

"இல்லீங்க சாமி. பக்கத்து வீட்டுக்காரரும் வைத்தியரும்தான் போட்டாங்க."

"நல்லது. எனில், எழுதியவர் நேரில் வந்து, இது தான் எழுதியதே என்று உறுதி செய்யட்டும்."

"அவர் செத்துட்டாருங்களே! செத்ததாலதானே உயிலே வெளிய வருது?"

"அது உங்கள் குடும்ப விவகாரம். அவர் வரும்வரை சொத்து அரசு அறக்கட்டளையில் பத்திரமாக இருக்கும்."

அடுத்தவருக்காகச் சொத்தைக் காத்து வைப்பதே அறக்கட்டளை. காத்தவர்கள் அமைச்சரின் மைத்துனர்கள். ஒரே மாதத்தில் பூவாத்தாளின் செக்கில் மைத்துனரின் எள் ஆடியது. அவள் தன் மாட்டையே கூலிக்கு ஓட்டினாள். அவள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அவளுக்குப் படுக்க இடம் கொடுத்து, தலைமாட்டில் 'பயனாளி' என்று பலகையும் மாட்டினார்கள்.

சாவுக்காகக் காத்திருப்பது நிர்வாகத்துக்குத் தாமதம் என்று அடுத்த ஆணை வந்தது. அறுபது வயது முடிந்தவர்கள் இறந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். பாதி ஊர் தாழ்வாரத்துக்கு வந்தது. முணுமுணுப்பு அரண்மனை வரை கேட்டது.

தேர்தல் வேறு நெருங்கியிருந்தது. கொடைவேந்தர் என்று பட்டம் சூடிய மன்னர் உப்பரிகையில் தோன்றினார்.

"மக்களே! என் உயிலை எழுதிவிட்டேன். அறக்கட்டளையிலுள்ள அத்தனை வீடுகளும், ஏன், இந்த அரண்மனையும் உங்களுக்கே!"

பூவாத்தாள் வாய்விட்டு அழுதாள். செக்கு திரும்பக் கிடைக்கும்! தேர்தல் நாளும் வந்தது. கோவரத்தில் வாக்கு என்பது நீண்ட சுருளில் கைநாட்டு வைப்பது. சுருளின் மேல்பகுதியைப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். அரச மரியாதை போலும் என்று கும்பிட்டுவிட்டு, மூக்கணாங்கயிறு அறுத்த தழும்போடிருந்த பெருவிரலை அழுத்தி வைத்தாள். அரச குடும்பம் வாக்களிப்பது மரபல்ல என்று இளவரசர் மட்டும் அடக்கமாக ஒதுங்கி நின்றார்.

மூன்றாம் மாதம் மன்னர் காலமானார். சட்டம் சட்டம்தான் என்று சடலத்தை அரியணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். "இது தாங்கள் எழுதியதா?" என்று வித்தகனார் பணிவோடு கேட்டார். மன்னர் மறுக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்.

"என் உடைமைகள் யாவும் என் மக்களுக்கே" என்று உயில் வாசிக்கப்பட்டது. சபை ஆரவாரத்தில் அதிர்ந்தது. எள்ளுக்கு யாரிடம் சொல்லி வைப்பது என்று பூவாத்தாள் யோசிக்கவே தொடங்கிவிட்டாள்.

பட்டுத்துணி நீக்கிய அந்தச் சுருளை வித்தகனார் இன்னும் கொஞ்சம் பிரித்தார். "சாட்சிகள்: கீழே கைநாட்டு வைத்த நாற்பதாயிரம் குடிமக்கள்."

எல்லோரும் தங்கள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். வித்தகனார் தொடர்ந்தார்.

"சாட்சிகளுக்குப் பங்கில்லை. ஆகவே யாவும், சாட்சி போடாத இளவரசருக்கே."

பூவாத்தாள் காவலரைத் தள்ளிக்கொண்டு ஓடிச் சுருளைப் பிடித்துப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் தழும்போடு அவளுடைய ரேகை.

"அடப் பாவிகளா! இது ஓட்டுங்க! ஓட்டுக்குத்தானே வச்சேன்!"

"ஆக, ரேகை உன்னுடையதே என்று நேரில் வந்து உறுதி செய்கிறாய்," என்ற வித்தகனார், அதையும் குறித்துக்கொண்டார். "மிக்க நன்றி, அம்மா."

அதற்குள் புதிய மன்னர் உப்பரிகைக்கு வந்துவிட்டார். "மக்களே! நானும் என் உயிலை எழுதிவிட்டேன்!"

பூவாத்தாள் அலறிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்கள், பெருவிரலை நீட்டியபடி.